பழைய கண்டெய்னரை நிறுத்த வேண்டாம்

மார்ச் 3, செவ்வாய்

நாத்தனாருக்கு,

நீ ஃபோன் எண்ணை மாற்றியதை உன் அண்ணனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். அவர் அதை என்னிடம் தரவில்லை. "அவ மெயில் பார்ப்பா, அதுல எழுது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க இறங்கிப் போய்விட்டார். நான்கு மாதமாகப் பேசாதவளுக்கு எழுதுவது எனக்கும் இனிக்கவில்லை. வேலை இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நம் சர்வரை வாடகைக்குத் தந்திருக்கும் கம்பெனி இந்த மாதம் 31ஆம் தேதியோடு அந்த இயந்திரத்தை நிறுத்துகிறது. பதினோரு டயாலிசிஸ் மையங்களில் யாருக்கு எந்த நாள், எந்த நேரம், எந்த மெஷின் என்ற முறைப்பதிவு முழுவதும் அதில்தான் ஓடுகிறது. எழுதியவளே நீதான், உனக்குத் தெரியாததில்லை. எல்லாவற்றையும் புது கிளவுடுக்கு மாற்றுகிறேன். 15ஆம் தேதி ஞாயிறு மதியம், மையங்கள் மூடியிருக்கும் நேரத்தில் மாற்றம்.

எனக்கு உன்னிடமிருந்து இரண்டு வேண்டும். முதலாவது, நம் மென்பொருளை அடைத்துவைத்து ஓட்டும் பெட்டியான கண்டெய்னர், அதை வார்க்கும் அச்சான இமேஜ், இவற்றை நீ போட்டுவைத்திருக்கும் கணக்கின் பாஸ்வேர்டு.

இன்னொன்று ஒரு கேள்விக்குப் பதில். ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னருக்குள் போய் நீ கையால் எதையாவது மாற்றியிருக்கிறாயா? நவம்பரில் இதைக் கேட்டதற்குத்தான் அத்தனை ரகளை. என் பெண்ணின் தலையில் கைவைத்து "சத்தியமா இல்ல" என்றாய். கேட்டது உன்னை, சத்தியத்துக்கு அவள் தலை எதற்கு என்று இன்றைக்கும் எனக்கு எரிகிறது. ஆனாலும் மறுபடி கேட்கிறேன். புது கண்டெய்னர் நம் கோப்பில் எழுதியிருப்பதை மட்டும் படித்துத்தான் உருவாகும். லாட்ஜ் அறை போலத்தான். போன ஆள் சுவரில் என்ன எழுதிவைத்திருந்தாலும் அடுத்து வருகிறவருக்கு வெள்ளையடித்த சுவர்தான்.

பதில் எழுது.

அண்ணி


மார்ச் 5, வியாழன்

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

'மதிப்பிற்குரிய' என்பதை நக்கலாகத்தான் எழுதினேன், குழம்ப வேண்டாம்.

பாஸ்வேர்டைத் தனி மெயிலில் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். என்னிடமிருந்து சாவி பிடுங்குவது உங்களுக்குப் புதிதா என்ன? நவம்பரில் நான் ஒரு வரியைத் தட்டிக்கொண்டிருந்தபோதே திரையில் 'அனுமதி இல்லை' என்று வந்தது. திரும்பிப் பார்த்தால் நீங்கள் உங்கள் மேசையில் உட்கார்ந்து லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

உங்கள் கேள்விக்கு நவம்பரில் சொன்னதுதான் பதில். ஆயிரம் முறை கேட்டாலும் அதேதான்.

ஆனால் ஏன் இந்த அவசரம்? 31 வரை நேரம் இருக்கிறதே. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போட்டு, நிதானமாக எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு மாற்றக் கூடாதா?

இங்கே என் புது வேலை நன்றாகத்தான் போகிறது. 20ஆம் தேதி நிரந்தரமாக்குவார்கள். அதற்கு முன் அண்ணனிடம் என்னைப் பற்றி விசாரிப்பார்களாம். அவன் ஏதாவது உளறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெண் வாலு எப்படி இருக்கிறாள்? ஆடிக்கொண்டிருந்த அந்தப் பல் விழுந்ததா?

உங்கள் நாத்தனார்
(முன்னாள் ஊழியர்)


மார்ச் 7, சனி

நாத்தனாருக்கு,

பாஸ்வேர்டு வேலை செய்கிறது. மாற்றிவிட்டேன், நீ சொல்லாவிட்டாலும் மாற்றியிருப்பேன்.

வாலுவுக்கு ஒன்றல்ல, இரண்டு பல் விழுந்துவிட்டன. 'ச' வருவதில்லை. உன் படத்தை ஃபோனில் காட்டி "அத்தை எப்போ வரும்" என்று கேட்கிறாள். "அத்தைக்குக் கோபம்" என்றேன். "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். யாருடைய ரத்தம் என்று தெரிகிறது.

அவசரத்துக்குக் காரணம் கேட்டாய். மையங்களின் தலைவர், நம் பெரிய டாக்டர், 17ஆம் தேதி வெளிநாடு போகிறார். அதற்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்கிறார். எனக்கும் தள்ளிப்போட ஒரு காரணமும் தெரியவில்லை. இரண்டு மாதமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் தானியங்கி ஆக்கிவிட்டேன். இனி யாரும் சர்வருக்குள் நுழையவே வேண்டாம். ப்ரோகிராமை எழுதிச் சேர்த்தால் போதும், கருவியே அதை எடுத்துக் கண்டெய்னர் கட்டும், இருநூற்றுப் பன்னிரண்டு டெஸ்ட்டையும் ஓட்டும், எல்லாம் பச்சை என்றால் தானே லைவுக்கு அனுப்பும். ஒன்றே ஒன்று சிவப்பானாலும் நின்றுவிடும். நேற்று முழுதாக ஒத்திகை பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டும் பச்சை.

'உள்ளே போய்க் கைவைக்காதே' என்று நீ மார்க்கரில் எழுதி ஒட்டிய தாள் இன்னும் நம் ஆபீஸ் சுவரில்தான் இருக்கிறது. உன் அண்ணன் கிழிக்கப் போனார், நான் விடவில்லை. எழுதியவள் யாராக இருந்தாலும் எழுதியது சரி.

அண்ணி


மார்ச் 10, செவ்வாய்

அண்ணிக்கு,

ஒரே ஒரு வேண்டுகோள். பழைய கண்டெய்னரை நிறுத்த வேண்டாம். புதியது லைவுக்குப் போன பிறகும் பழையது 31 வரை பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கட்டும். எப்படியும் அதுவரை இயந்திரம் நம்முடையதுதானே.

காரணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஜாக்கிரதைக்குத்தான். புதியதில் ஏதாவது கோளாறு என்றால் திரும்பிவரலாம்.

டெஸ்ட் எல்லாம் பச்சை என்று எழுதியிருந்தீர்கள். டெஸ்ட்டுக்கு நாம் சொல்லிக்கொடுத்தது மட்டும்தான் தெரியும். அதை மறந்துவிடாதீர்கள்.

நாத்தனார்


மார்ச் 11, புதன்

நாத்தனாருக்கு,

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?

முதலில் தள்ளிப்போடு என்றாய். இப்போது நிறுத்தாதே என்கிறாய். இரண்டு கண்டெய்னரும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒவ்வொரு நோயாளிக்கும் 'நாளை உங்கள் முறை' என்ற எஸ்.எம்.எஸ். இரண்டு தடவை போகும். ஏற்கெனவே பயத்தில் இருக்கிறவர்கள், நாளைக்கு இரண்டு தடவையா என்று மையத்துக்கு ஃபோன் செய்வார்கள். இது உனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கேட்கிறாய் என்றால் இரண்டில் ஒன்று. நான் செய்து முடிப்பதை உன்னால் பொறுக்க முடியவில்லை, இல்லாவிட்டால் என்னிடம் எதையோ மறைக்கிறாய்.

உண்மையான காரணம் இருந்தால் எழுது. ஒரு வரி போதும். திட்டமாட்டேன். சனிக்கிழமை மாலை வரை காத்திருக்கிறேன்.

அண்ணி


மார்ச் 15, ஞாயிறு

நாத்தனாருக்கு,

சனிக்கிழமை மாலை வந்தது, போனது. உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை.

இன்று மதியம் 2:10க்கு ஆரம்பித்து 2:18க்கு முடித்துவிட்டேன். எட்டு நிமிடம். எல்லாம் பச்சை. பதினோரு மையங்களிலிருந்தும் உள்ளே நுழைந்து பார்த்தாயிற்று. பெரிய டாக்டர் கட்டைவிரல் படம் அனுப்பியிருக்கிறார். பழைய கண்டெய்னரை நிறுத்தினேன், அழித்தேன். இனி அது இல்லை.

அழிப்பதற்கு முன் ஒன்று தெரிந்துகொண்டேன். அதை மெயிலில் பேச எனக்கு விருப்பமில்லை. நீ நேரில் வரும்போது, உன் அண்ணன் முன்னால் பேசிக்கொள்வோம்.

அண்ணி


மார்ச் 18, புதன்

அண்ணி,

கீழே இருப்பதைச் சனிக்கிழமை எழுதினேன், அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடிதம் வந்தபோது அனுப்பப் போனேன், மூடிவைத்துவிட்டேன். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. ஒரு வாரத்துக்குள் யாரும் முறை தவறமாட்டார்கள், அதற்குள் ஏதாவது சாக்குச் சொல்லி அந்த வரிகளை உங்களுக்கு அனுப்பிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், வெள்ளிக்கிழமை என் வேலை நிரந்தரமாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். எழுந்து வந்து அனுப்புகிறேன்.

*

மார்ச் 14

அண்ணி, நான் பொய் சொன்னேன். வாலு தலையில் கைவைத்துச் சொன்னதும் பொய்தான்.

போன ஜூலையில் ஒரு காலை ஏழு மணிக்குத் தலைமை நர்ஸ் என்னைக் கூப்பிட்டு அழுதார். ரிட்டையர் ஆன கண்டக்டர் ஒருவர் முந்தின முறை வரவில்லை. அடுத்த முறைக்கு வந்து நிற்கிறார், பட்டியலில் அவர் பெயரே இல்லை. அவருடைய மெஷினில் வேறொருவர். ஒருவர் ஒரு முறை வராவிட்டால் அடுத்த இரண்டு வார முறைகளும் தானாக ரத்தாகும் என்பது நாம் முதலில் எழுதிய விதி, உங்களுக்கு நினைவிருக்கும். இறந்துபோனவர்கள் பெயரில் மெஷின் காலியாக நிற்கிறது என்று பெரிய டாக்டர் கேட்டு வாங்கியது. உயிரோடு இருப்பவர் காய்ச்சலில் படுத்திருக்கலாம் என்று நம்மில் யாருக்கும் தோன்றவில்லை.

உடனே திருத்தி அனுப்பினேன். அப்போதைய கருவி கண்டெய்னர் கட்ட நாற்பது நிமிடம் எடுத்து, கடைசியில் வேறு எதற்கோ சிவப்பாகி நின்றது. மறுபடி நாற்பது நிமிடமா? அந்த மனிதர் மூச்சுவாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே போனேன். கையால் எழுதினேன், மூன்று கோப்பில் பத்தொன்பது வரி. வராதவரின் முறையை ரத்து செய்யாதே, மறுநாள் பட்டியலில் முதல் ஆளாகச் சிவப்பில் காட்டு, 'இவரைக் கூப்பிடு' என்று போடு. அவ்வளவுதான். நர்ஸ்கள் எல்லோரும் அந்தச் சிவப்பு வரிசையை நம்பித்தான் இத்தனை மாதமாக வேலை செய்கிறார்கள்.

நாளைக்கு முறைப்படி கோப்பில் சேர்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த நாளை வரவே இல்லை. கைவைக்காதே என்று சுவரில் ஒட்டியவளே நான், நானே எப்படிச் சொல்வது? நவம்பரில் நீங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டபோது வாயில் பொய்தான் வந்தது. ஒரு பொய் சொன்ன பிறகு அதற்குக் காவல் நிற்பதே வேலையாகிவிட்டது.

உங்கள் டெஸ்ட்டில் ஒன்று 'வராதவர் முறை ரத்தாகிறதா' என்று பார்க்கிறது. ரத்தானால் அது பச்சை காட்டும்.

*

பத்தொன்பது வரியையும் நினைவிலிருந்து எழுதி இணைத்திருக்கிறேன். திங்கள் முதல் யாராவது வராமல் இருந்தால் அவருடைய முறைகள் எல்லாம் ரத்தாகியிருக்கும். எஸ்.எம்.எஸ்.ஸும் போயிருக்காது. உடனே பாருங்கள்.

உங்கள் ஃபோனுக்குப் பதினோரு தடவை அடித்தேன். தெரியாத எண் என்று எடுக்கவில்லை போலிருக்கிறது. அண்ணனும் எடுக்கவில்லை.


மார்ச் 19, வியாழன், காலை 9:25

இப்போதுதான் பார்த்தேன். நேற்று முழுக்க இரண்டு பேரும் ஊருக்கு வெளியே இருக்கும் மையத்தில் இருந்தோம், ஃபோன் பையில்.

திங்கள் முதல் வராதவர்கள் நான்கு பேர். மூன்று பேரை நர்ஸ்கள் கூப்பிட்டுவிட்டார்கள், கிளம்பி வருகிறார்கள். நான்காவது ஒரு தையல்காரர், மூன்றாவது மையம். கடைசியாக வந்தது போன வெள்ளிக்கிழமை. இன்றோடு ஆறு நாள். ஃபோன் ஸ்விட்ச் ஆஃப்.

வீட்டு முகவரி பழையது. உன் அண்ணன் அங்கே போயிருக்கிறார். வேறு யாரோ குடியிருக்கிறார்களாம். உனக்கு ஏதாவது தெரியுமா?


மார்ச் 19, காலை 9:41

தெரியும். குள்ளமாக, காதில் எப்போதும் பென்சில் வைத்திருப்பவர். மையத்தில் திரைச்சீலை கிழிந்திருந்தபோது ஊசி நூல் கேட்டு வாங்கி, மெஷினில் மாட்டியிருந்த கையை அசைக்காமல் ஒற்றைக் கையால் தைத்துக் கொடுத்தவர். ஃபோனில் சார்ஜ் நிற்காது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய தையல் கடைக்குப் பக்கத்தில் சாவி செய்கிற கடை, அந்தக் கடைக்காரர் எண்ணையும் எனக்குக் கொடுத்தார். அதைப் பதிவில் போட இடம் இல்லாததால் என் டைரியில் எழுதினேன்.

டைரி என்னிடம்தான் இருக்கிறது. எண்ணை எஸ்.எம்.எஸ். செய்துவிட்டேன். நானும் அடிக்கிறேன். யார் முதலில் பிடித்தாலும் சரி, முதலில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கிளப்புங்கள். மையத்துக்கு வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.


மார்ச் 19, மாலை 4:05

சாவிக் கடைக்காரர் ஓடிப் போய்ப் பார்த்திருக்கிறார். படுக்கையில் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாராம். அவரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வாசலில் இதயம் ஒருமுறை நின்றுவிட்டது. திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது தீவிர சிகிச்சையில் இருக்கிறார். நாளை காலை வரை எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

உன் வரிகளைச் சேர்த்துவிட்டேன். கோப்பில், முறைப்படி. அந்த டெஸ்ட்டையும் மாற்றினேன்.

வேறு எழுத இப்போது என்னால் முடியவில்லை.


மார்ச் 20, வெள்ளி

அண்ணி,

இங்கே என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். எல்லோரும் கைகொடுத்தார்கள். யாரிடம் என்ன பேசினேன் என்று நினைவில்லை. கழிவறைக்குப் போய் ஃபோனைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இருக்கிறாரா? அதை மட்டும் எழுதுங்கள்.


மார்ச் 22, ஞாயிறு

நாத்தனாருக்கு,

இருக்கிறார். நேற்று கண்ணைத் திறந்தார். இன்று மனைவியிடம் பேசினார். முதலில் கேட்டது யாரோ கொடுத்த சட்டைத் துணியைப் பற்றியாம்.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை காய்ச்சல், அதனால் வரவில்லை. எப்போதும் போல மறுநாள் நர்ஸ் கூப்பிடுவார் என்று காத்திருந்திருக்கிறார். கூப்பிடவில்லை. புதன்கிழமைக்கான எஸ்.எம்.எஸ்.ஸும் வரவில்லை. ஃபோன் அணைவதற்கு முன்பே பார்த்தாராம், வரவில்லை. "முறையை மாத்திட்டாங்க போல, சொல்லுவாங்க" என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். தலைமை நர்ஸைக் கேட்டேன். "சிவப்புல யாரும் இல்லேன்னா எல்லாரும் வந்துட்டாங்கன்னுதானே அர்த்தம்?" என்றார். அவரை என்ன சொல்ல முடியும்?

இன்று அவர் மனைவியைப் பார்க்கப் போனேன். ஒல்லியான பெண், கையில் பிளாஸ்டிக் கூடை. நான் யார் என்று சாவிக் கடைக்காரர் சொன்னதும் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க ஃபோன் பண்ணலேன்னா அன்னைக்கே போயிருப்பாருங்க. உங்க கம்ப்யூட்டர் நல்லா இருக்கணும்" என்றார். கம்ப்யூட்டர் நல்லா இருக்கணுமாம். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

உன் அண்ணன் பெரிய டாக்டருக்கு விளக்கக் கடிதம் எழுதிவைத்திருக்கிறார். 'முன்னாள் ஊழியர் ஒருவர் அனுமதியின்றிச் செய்து மறைத்த மாற்றமே காரணம்' என்று. என் கையெழுத்துக்காக மேசையில் இருக்கிறது. இது போனால் உன் புது வேலை நிற்காது. அவருக்கும் அது தெரியும். "கம்பெனியைக் காப்பாத்தணும்ல, வேற என்ன பண்ணச் சொல்ற?" என்கிறார். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கட்டும் என்று நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆனால் நீ தின்றது மட்டும்தானா உப்பு?

ஞாயிற்றுக்கிழமை, அழிப்பதற்கு முன், பழைய கண்டெய்னரில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளையைக் கொடுத்தேன். நீயே எனக்குச் சொல்லிக்கொடுத்த கட்டளை. இமேஜில் இல்லாதபடி மூன்று கோப்பு மாறியிருக்கிறது என்று வந்தது. ஒரு கோப்பின் பெயரிலேயே 'வராதவர்' என்று இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது? நான்கு மாதம் வீட்டில் நான்தான் கெட்டவள். சின்னப் பெண்ணைத் துரத்தியவள். என் பெண்ணின் தலையில் நீ செய்த சத்தியம் பொய் என்று இதோ, திரையில் ஆதாரம். ஃபோனில் படம் எடுத்தேன். உன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தீங்களா உங்க தங்கச்சி லட்சணத்தை" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். நான் திரும்பி உட்கார்ந்து அழிக்கும் கட்டளையைத் தட்டினேன்.

அந்த மூன்று கோப்பையும் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். நான் திறக்கவில்லை. உன் பொய்யைப் பிடித்துவிட்டேன், எனக்கு அது போதுமாக இருந்தது. அந்த வரிகள் யாரையாவது உயிரோடு வைத்திருக்குமோ என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இதை உன் அண்ணனிடம்கூட நான் இன்னும் இப்படிச் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் எழுதுகிறேன்.

அண்ணி


மார்ச் 23, திங்கள்

அண்ணி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது, ஐயோ, நான் மட்டும் இல்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்து என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. இரண்டாம் தடவை உங்கள்மேல் கோபம் வந்தது. ஒரு நிமிடம் அண்ணி, ஒரே ஒரு நிமிடம்! மூன்றாம் தடவை கணக்குப் பார்த்தேன். நீங்கள் ஒரு நிமிடம் பார்க்கவில்லை. நான் எட்டு மாதம் சொல்லவில்லை, அதிலும் கடைசி நான்கு நாள் எல்லாம் தெரிந்தே சொல்லவில்லை. உங்களோடு சண்டை போட எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

அண்ணன் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். நான் ஒன்று எழுதி அனுப்பியிருக்கிறேன். ஜூலையில் என்ன செய்தேன், நவம்பரில் என்ன சொன்னேன், 14ஆம் தேதி எழுதி 18ஆம் தேதி அனுப்பியது வரை எல்லாம் இருக்கிறது. கீழே என் கையெழுத்து. உங்கள் பகுதியை நீங்கள் எழுதுங்கள். எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம் என்று பெருந்தன்மையாகச் சொல்ல ஆசைதான், ஆனால் சொல்லமாட்டேன். எழுதுங்கள்.

இங்கே என் மேலதிகாரியிடம் இன்று காலை நானே சொல்லிவிட்டேன். அவர் "அடுத்த திங்கக்கிழமை வரைக்கும் லீவு எடுத்துக்கங்க, யோசிச்சுச் சொல்றோம்" என்றார். என்ன யோசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெண்மணிக்குச் சொல்ல வேண்டும், அண்ணி. உங்களைக் கும்பிட விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், என்னால் அதற்கு முன் டிக்கெட் எடுக்க முடியவில்லை. இரண்டு பேருமாகப் போய்ச் சொல்லலாம். என்னைக் கண்டால் உங்களுக்குப் பிடிக்காது என்பது தெரியும். பரவாயில்லை, பக்கத்தில் நின்றால் போதும்.

நாத்தனார்


மார்ச் 26, வியாழன்

நாத்தனாருக்கு,

ஞாயிறு வரை என்னால் காத்திருக்க முடியவில்லை. இன்று போய்ச் சொல்லிவிட்டேன்.

அதற்கு முன் உன் அண்ணனிடம் என் கடிதத்தைக் கொடுத்தேன். உன்னுடையதும் என்னுடையதும் சேர்த்து நான்கு பக்கம். படித்துவிட்டு, "ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் தெருவுல நிறுத்துங்க" என்று கத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, நவம்பரில் எல்லோர் முன்னாலும் உன்னை அப்படி நிற்கவைத்தபோது தான் வாயை மூடிக்கொண்டிருந்ததை ஐந்தாவதாக ஒரு பக்கம் எழுதினார். இதற்கெல்லாம் பெரிய டாக்டருக்கு நேரம் இருக்குமா என்று தெரியவில்லை. அனுப்பியாயிற்று. ஒப்பந்தம் போகும் என்றுதான் நினைக்கிறேன். போகட்டும்.

தையல்காரரைச் சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்தார். மனைவியை வெளியே பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்டெய்னர், கோப்பு, இமேஜ் என்று ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வராதவர்களைக் கூப்பிடச் சொல்லி ஒரு ஏற்பாடு இருந்தது, அதை நான் அழித்துவிட்டேன், அது அங்கே இருப்பதைச் சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை, பார்க்க வேண்டிய நான் பார்க்கவில்லை என்றேன். எங்கள் ஃபோனால் அவர் பிழைக்கவில்லை, எங்களால்தான் இந்த நிலைமைக்கு வந்தார் என்றேன். எங்கள்மேல் புகார் கொடுக்க வேண்டுமென்றால் யாரிடம் கொடுப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அவர் அந்தத் தாளை நான்காக மடித்துக் கூடையில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப திங்கக்கிழமையிலேருந்து வியாழக்கிழமை வரைக்கும் அவரை யாருமே தேடலையாங்க?"

"தேடலைங்க" என்றேன்.

"அவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவங்க விடமாட்டாங்க, தேடிக் கூப்பிடுவாங்கன்னு."

எழுந்து வர முடியவில்லை. பார்வை நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன். உன்னிடமும் அதையேதான் கேட்பார். வரும் வழியில் பதில் எதையும் தயார் செய்துகொள்ளாதே.

அண்ணி